அவர் பெயரில் துடித்தது

விரலை எடுக்க வேண்டாம் என்றது போன். அவள் எடுக்கவில்லை. சமையல் மேடையில் இடுப்பைச் சாய்த்து, அடுப்பில் தண்ணீர் சலசலப்பதைக் கேட்டபடி, போனின் முதுகிலிருக்கும் சின்னக் கண்ணாடியின் மேல் ஆள்காட்டி விரலைப் பொருத்தி வைத்திருந்தாள். விரலுக்கு அடியில் விளக்கு எரிந்தது. நகத்தைச் சுற்றியிருந்த சதை, உள்ளே கங்கு ஒன்று இருப்பதுபோலச் சிவந்து ஒளிர்ந்தது. தினமும் நடப்பதுதான். விளக்கு அணையும், மணி ஒன்று கிணுங்கும், திரை பச்சையாகும். அவள் போனைக் கணவரின் சட்டைப் பையில் போட்டுவிட்டுத் தேயிலை டப்பாவைத் திறப்பாள். இன்றைக்கு மணி கிணுங்கவில்லை. போன் அவள் கையில் ஒருமுறை உறுமியது. திருப்பிப் பார்த்தாள். திரை மஞ்சளாக இருந்தது.

விரலில் ஈரம் இருந்திருக்கும் என்று துண்டில் துடைத்தாள். மறுபடியும் வைத்தாள். மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். மறுபடியும் உறுமல். மஞ்சளுக்கு நடுவே அவள் கணவரின் பெயர், அதற்குக் கீழே மூன்று வரி. உங்கள் இதயத் துடிப்பு சீராக இல்லை. இன்று உயரத்தில் வேலை செய்ய வேண்டாம். விரைவில் மருத்துவரைப் பாருங்கள்.

குளியலறையில் அவர் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் தெருமுனை வரை கேட்கும். நெஞ்சில் சீக்கு இருக்கிற ஆள் இப்படி ஓங்காரமாகக் காறித் துப்ப முடியாது.

"என்ன, ஆச்சா?" என்றபடி தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"மஞ்சளா காட்டுதுங்க."

"யாருக்கு?"

அவள் போனைப் பார்த்தாள். "உங்களுக்கு," என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தினார்கள். மஞ்சள் வந்தால் அவருக்குச் சாரம் ஏற அனுமதி கிடையாது என்பது அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது.

அவர் கொத்தனார். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பூசுகிறவர். சாரத்தில் நின்றும் பூசுவார், கயிற்றில் தொங்கும் மேடையில் நின்றும் பூசுவார். முன்னொரு நாள் வேலையிடத்தில் ஒருவர் வெயிலில் தலை சுற்றி மேலிருந்து விழுந்தார். அதற்குப் பிறகுதான் கம்பெனி எல்லோருடைய போனிலும் இந்த நல்வாழ்வுச் செயலியை ஏற்றியது. தண்ணீர் குடி என்று சொல்லும். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேட்கும். கண்ணை மூடு, மூச்சை இழு, விடு என்று பெண் குரலில் பாடம் நடத்தும். அதனால் ஆட்கள் அதற்கு டீச்சர் என்று பேர் வைத்துவிட்டார்கள். காலையில் எழுந்ததும், வீட்டிலேயே, உடம்பு அலுக்குமுன் டீச்சரிடம் விரலைக் கொடுக்க வேண்டும். பச்சை என்றால் மேலே ஏறலாம், மஞ்சள் என்றால் தரையில் வேலை, சிவப்பு என்றால் வீடு. கழுத்தில் ஊதலைத் தொங்கவிட்டுத் திரியும் பாதுகாப்பு அதிகாரி, ஆட்கள் வைத்த பேர் விசில், வாசலில் நின்று ஒவ்வொருவர் போனையும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

சிக்கல் என்னவென்றால் கொத்தனாரின் விரலை டீச்சருக்குத் தெரியவில்லை. அது சிமெண்ட் தின்ற விரல். ரேகை என்று ஒன்று அதில் எந்தக் காலத்திலோ போய்விட்டது. தோல் காய்த்து, வெடித்து, வெடிப்புக்குள் சாம்பல் நிறம் ஏறி, தட்டினால் மரக்கட்டைச் சத்தம் வரும். அதற்குள் ரத்தம் ஓடுகிறது என்று எந்த விளக்கு அடித்தும் கண்டுபிடிக்க முடியாது. விரலை வையுங்கள் என்றது போன். "வச்சுக்கிட்டுத்தானே இருக்கேன், கண்ணு அவிஞ்சு போச்சா?" என்று அதனோடு சண்டை பிடித்தார். பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். கால் விரலை வைத்துப் பாருங்கள் என்று மகள் கேலி செய்ய, குந்தி உட்கார்ந்து அதையும் செய்து பார்த்தார். அன்று விசிலிடம் போய்ச் சொன்னபோது, "எல்லாருக்கும் எடுக்குது, உனக்கு மட்டும் எடுக்கலைன்னா கோளாறு உனக்குள்ளதான்யா," என்று அவரைக் கீழே மணல் சலிக்க விட்டுவிட்டார். இருபது வருடமாக மேலே நின்றவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

மறுநாள் காலையில் அவள்தான் கேட்டாள். "என் விரலை வச்சுப் பாக்கட்டுமா?"

வைத்தாள். மணி கிணுங்கியது. பச்சை.

இப்படித்தான் அது தொடங்கியது. யாரையும் ஏமாற்றுவதாக அவளுக்குத் தோன்றவில்லை. அவர் கல்லுமாதிரி இருக்கிறார், போனுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை, அதற்குப் புரிகிற மொழியில் அவள் சொல்கிறாள், அவ்வளவுதான். விசாரித்தபோது வேலையிடத்தில் பாதிப் பேர் கதை இதுதான். "நம்ம ஆளுங்க நெஞ்செல்லாம் வீட்டு அடுப்படியிலதான் துடிக்குது," என்று கொத்தனார் சொல்லிச் சிரித்தார். ஆனால் ஒட்டடைக்குச்சி என்று பேர்பெற்ற ஒரு நெட்டை ஆள் மாட்டிக்கொண்ட பிறகு அந்தச் சிரிப்பு நின்றது. ஒட்டடைக்குச்சி முந்தின நாள் ராத்திரி வேலையிடத்திலேயே படுத்துவிட்டார், போனை மட்டும் ஒருவரிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். காலையில் அவர் விசிலுக்கு முன்னால் நின்று தலையைச் சொறிந்துகொண்டிருந்த அதே நேரத்தில், வீட்டில் மச்சான் விரல் வைக்க, எல்லோர் கணக்கும் வந்து சேரும் விசிலின் போனில் ஒட்டடைக்குச்சியின் பேர் பச்சையாக வந்து நின்றது. அன்றே வெளியே அனுப்பினார்கள். அந்தக் கம்பெனியின் எந்த வேலையிடத்திலும் இனி அவரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஊரில் அந்தக் கம்பெனியை விட்டால் உயரமான கட்டடம் வேறு யாரும் கட்டவில்லை.

அவளுக்கு டீச்சரைப் பிடித்துப்போனது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. விரல் வைத்து முடிந்ததும், இன்று எப்படி உணர்கிறீர்கள் என்று அது கேட்கும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று மூன்று வரும். இத்தனை வயதுக்கு அவளை யாரும் காலையில் அப்படிக் கேட்டதில்லை. கணவருக்குக் கேட்கிற கேள்விதான், இருந்தாலும் கேள்வி அவள் கையில்தான் வருகிறது. சிரிக்கிற முகத்தைத் தொடுவாள். மூச்சுப் பாடத்துக்கு அவருக்குப் பொறுமை கிடையாது, அதையும் முடித்தால்தான் அன்றைய கணக்கு நிறையும். ஆகவே அவளே பின்வாசல் படியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, டீச்சர் சொன்னபடி இழுத்து விடுவாள். அந்த நேரத்தில் அடுப்பு, குழாய், அவள் வேலைக்குப் போகும் சலவை நிலையம் எல்லாம் தள்ளிப்போய் நிற்கும். உங்கள் இதயம் உங்கள் வயதைவிட இளமையாக இருக்கிறது என்று ஒருநாள் அது அவர் பேர் சொல்லிப் பாராட்டியது. அன்று முழுக்க அவள் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது மஞ்சள்.

அன்று கொத்தனார் தரையில் செங்கல் நனைத்தார். மறுநாள் பச்சை வந்தது. அதற்கு மறுநாளும் பச்சை. அப்பாடா என்று இருந்தபோது மறுபடி மஞ்சள், அடுத்து மஞ்சள். காலையில் விரலைக் கண்ணாடியில் வைக்குமுன் அவள் அதை இரண்டு தடவை துண்டில் துடைத்தாள். பயந்தால் துடிப்பு கெடும், கெட்டால் மஞ்சள் வரும், வந்தால் இன்னும் பயம். அடுத்த கட்டடத்துக்கு மேஸ்திரி யார் என்ற பேச்சு அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கொத்தனார் பேர்தான் முதலில் இருந்தது. மேஸ்திரி என்றால் மேலே ஏறி எல்லோர் வேலையையும் பார்க்க வேண்டும். தரையில் நிற்கிற ஆளை யார் மேஸ்திரி ஆக்குவார்கள்?

கடைசியில் விசிலே சொல்லிவிட்டார். "டீச்சர் உன்னை டாக்டர்கிட்ட போகச் சொல்லுது. கம்பெனி செலவுதான். போய்ட்டு வா."

கொத்தனார் போனார். நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார்கள். ஓடவிட்டுப் பார்த்தார்கள். டாக்டர் அவர் முதுகில் தட்டி, "இந்த நெஞ்சுக்கு என்னய்யா குறை? இன்னும் முப்பது வருஷம் பூசலாம்," என்றாராம். அதை வீட்டுக்கு வந்து நான்கு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் டாக்டரின் தட்டல் கொஞ்சம் பலமானது.

கேட்டுக்கொண்டிருந்த அவளுக்கு உடம்பெல்லாம் இளகியது. முதுகை இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டது. ஒயர் தன் நெஞ்சில் ஒட்டப்பட்டதுபோலவும், டாக்டர் தன் முதுகில் தட்டியதுபோலவும் இருந்தது. இத்தனை நாளாக அவர் பேரில் அவள் விரல் பேசியது. இப்போது அவள் பேரில் அவர் நெஞ்சு பேசிவிட்டு வந்திருக்கிறது. பெரிய படிப்பு படித்த டாக்டரே சொல்லிவிட்டார், ஒன்றுமில்லை என்று. அன்று நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் சலவை நிலையத்தில், கூட வேலை பார்க்கும் ரேடியோவிடம் இதைச் சொன்னாள்.

அது ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுக்கிற இடம். சூடான உருளைகளுக்கு நடுவே நசுங்கி வெளியே வரும் விரிப்புகளை இரண்டிரண்டு பெண்களாகப் பிடித்து மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. பின்னால் போய் இழுத்து உதறி, எதிரெதிரே நடந்து வந்து, முனையோடு முனை சேர்த்து, ஒருத்தி கொடுக்க மற்றவள் வாங்குவாள். மறுபடி விலகல், மறுபடி நடை. பகல் முழுக்க இதுதான். அவளோடு மடிக்கிறவள் அவளைவிட இளையவள். வாயை மூடத் தெரியாதவள் என்பதால் ரேடியோ. கொஞ்ச நாளாகக் கொத்தனார் மனைவியின் பக்கம் விரிப்பு தொங்கிக்கொண்டிருந்தது. கையை உயர்த்தினால் தோளிலிருந்து ஒரு கனம் முழங்கை வரை இறங்கியது. தாடையில் வலி வந்து வந்து போனது. பல்லாக இருக்கும் என்று உப்புத் தண்ணீர் கொப்பளித்துப் பார்த்தாள்.

"அக்கா, துணி தரையைக் கூட்டுது. வீட்டுல கூட்டினது பத்தலையா?" என்றாள் ரேடியோ.

"உன் வாயால ஊதித் தூக்கிவிடு."

ரேடியோ சிரித்தாள். எதிரே நடந்து வந்து முனைகளை அவள் கையில் கொடுக்கும்போது முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏன்க்கா இப்படி வேர்க்குது உனக்கு? மின்விசிறிக்கு நேராத்தானே நிக்கிறே?"

அப்போதுதான் அவள் சொன்னாள். மஞ்சள் வந்தது, டாக்டரிடம் போனது, நெஞ்சுக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொன்னது எல்லாம். சொல்லும்போது சந்தோஷமாகத்தான் சொன்னாள். ரேடியோ நடப்பதை நிறுத்திவிட்டாள். விரிப்பு இரண்டு பேருக்கும் நடுவே பள்ளமாகத் தொங்கியது.

"டாக்டர் யாரைப் பார்த்தாரு?"

"அவரைத்தான்."

"விரல் யாருது?"

அவள் தன் பக்கத்து முனைகளை இழுத்தாள். உருளை அடுத்த விரிப்பைத் துப்பிக்கொண்டிருந்தது. "சூடு ஆறுது, மடி," என்றாள்.

"பால் பொங்குறது உன் அடுப்புல. நீ பக்கத்து வீட்டு அடுப்பைப் போய் அணைச்சுட்டு வந்து நிக்கிறே," என்றாள் ரேடியோ. அவள் குரல் இறங்கியிருந்தது. ரேடியோவின் குரல் இறங்கி அவள் கேட்டதே இல்லை. "நாளைக்கே லீவு போட்டுட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போ. நான் வேணா கூட வரேன்."

"போய் என்னன்னு சொல்லுவேன்? எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டா?"

"வலிக்குதுன்னு சொல்லு. வலிக்கலையா?"

"பல்லுதான்."

ரேடியோ எதிரே வந்து, அவள் பக்கத்து முனைகளையும் வாங்கித் தானே மடித்தாள்.

வீட்டில் வேறொரு விளக்கம் தயாராக இருந்தது. சொன்னவள் மகள். போன் கடையில் வேலை பார்க்கிறவள், டீச்சரை அப்பா போனில் சரிப்படுத்திக் கொடுத்ததே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் கையை இழுத்து மடியில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சலவை மருந்து பட்டுப் பட்டு விரல் நுனிகள் வெளிறி, வழவழவென்று, உரித்த தோல் போல் இருந்தன.

"இதுதான்ப்பா விஷயம். அம்மா விரலும் உங்க விரல் மாதிரியே செத்துப் போச்சு. மருந்து தின்னுடுச்சு. அதான் டீச்சர் கண்டதையும் சொல்லுது."

கொத்தனார் எழுந்து வந்து பார்த்தார். மனைவியின் விரலைத் தன் கட்டை விரலால் தடவினார். அந்தக் கட்டை விரலுக்கு எதுவும் தெரிந்திருக்காது. "ஆமா," என்றார். "ரெண்டு பேரும் ஜோடிப் பொருத்தம்தான்."

மூவரும் சிரித்தார்கள். அந்த விளக்கத்தை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். விரல்தான் செத்திருக்கிறது. நெஞ்சுக்கு ஒன்றுமில்லை. எவ்வளவு எளிதாக இருந்தது.

"இனிமே நான் வைக்கிறேன். நீ கொஞ்ச நேரம் கூடத் தூங்கும்மா. பாவம், எப்பவும் முதல்ல நீதான் எழுந்திருக்கிறே," என்றாள் மகள். அன்போடுதான் சொன்னாள். சொன்னபடி மறுநாள் காலையில், பாயில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டே, தன் விரலை வைத்தாள். மணி கிணுங்கியது. அறை முழுக்கக் கேட்டது. உங்கள் இதயம் உங்கள் வயதைவிட மிக மிக இளமையாக இருக்கிறது என்று டீச்சர் கொத்தனாரின் பேர் சொல்லிக் கொஞ்சியது.

"கேட்டியா? எனக்கு இன்னும் பொண்ணு பார்க்கலாமாம்," என்று கொத்தனார் மீசையை நீவினார்.

அவள் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்கம் வரவில்லை. விட்டத்தைப் பார்த்தாள். நெஞ்சுக்குள் ஒரு துடிப்பு விட்டுப்போய், அடுத்தது இரட்டையாக வந்தது, வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறுவதுபோல. கழுத்தோரம் விரலை வைத்தாள். தடதடவென்று ஓடியது, நின்றது, யோசித்தது, மறுபடி ஓடியது. விரலை எடுத்துவிட்டாள். எடுத்தால் தெரியவில்லை. இப்படி ஒரு வசதி இருக்கிறதே என்று நினைத்தாள். அவளுடைய போன் பொத்தான் போன், அதற்கு எதுவும் தெரியாது. இனி யாரும் காலையில் அவள் கையில் கேள்வியைக் கொடுக்கப் போவதில்லை. மூன்று முகங்களும் மகளிடம் போய்விட்டன. மூச்சுப் பாடத்தை மகள் ஓடவிட்டுவிட்டுத் தலை சீவப் போய்விடுவாள். அந்தக் குரல் யாருமில்லாத அறைக்கு இழுங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.

பச்சை நிலைத்தது. கொத்தனார் மேலே ஏறினார். விசில் அவரை வாசலில் கைகாட்டி அனுப்பினார். மேஸ்திரி அவர்தான் என்பது உறுதியாகிவிட்டது, அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு சாயங்காலம் கடைத்தெருவிலிருந்து இருவரும் நடந்து வந்தார்கள். பை கனக்கவில்லை, ஆனாலும் அவள் இரண்டு இடத்தில் நின்றாள். செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள். அவர் தன் கீழே யார் யாரை வைத்துக்கொள்ளப் போகிறார் என்று சொல்லிக்கொண்டே முன்னால் போய், ஆள் பின்னால் வரவில்லை என்று தெரிந்து திரும்பி வந்தார்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. அந்த மஞ்சள் வந்துச்சே..."

"அதான் முடிஞ்சுபோச்சே."

"முடிஞ்சுதான் போச்சு."

அவர் அவளைப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார், அதை அவள் இல்லையென்று சொல்ல மாட்டாள். "உனக்கு ஏதாவது செய்யுதா?" என்று கேட்டார்.

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தெருவிளக்கின் வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. அந்த முகத்தில் ஒரே ஒரு பதிலுக்குத்தான் இடம் இருந்தது. மணல் சலித்த அன்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த முகம் அது. வேறு எந்தப் பதில் வந்தாலும் அது எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. பெரியாஸ்பத்திரி, லீவு, எப்படித் தெரிந்தது என்ற கேள்வி, அங்கிருந்து விசில், அங்கிருந்து ஒட்டடைக்குச்சி.

"என்ன செய்யப் போகுது," என்றாள்.

அவர் தோள் இறங்கியது. எவ்வளவு இறங்கியது என்பதை அவள் பார்த்தாள். "பையைக் கொடு," என்று வாங்கிக்கொண்டார்.

கட்டடம் முடியும் தறுவாயில் கம்பெனி ஒரு நல்வாழ்வு நாள் வைத்தது. குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். சலவை நிலையத்தில் ரேடியோ, "அது முடிஞ்ச மறுநாள் ஆஸ்பத்திரிக்கு, சத்தியமா?" என்று கேட்க, "மறுநாளே," என்று அவள் வாக்குக் கொடுத்திருந்தாள். மேஸ்திரி ஆன பிறகு கொஞ்சம் தைரியம் வரும். ஏதாவது பொய் சொல்லிக்கொள்ளலாம். இன்னும் கொஞ்ச நாள்தான்.

வேலையிடத்தின் முற்றத்தில் துணிப்பந்தல் போட்டு நாற்காலிகள் அடுக்கியிருந்தார்கள். ஆட்கள் எல்லோரும் குளித்து, தலைவாரி, யார் யார் என்று தெரியாதபடி உட்கார்ந்திருந்தார்கள். மகளுக்குக் கடையில் விடுப்பு கிடைக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அம்மாள் டீச்சரைப் பற்றிப் பேசினார். போன் என்பது வெறும் பேச்சுக்கு அல்ல, அது நம் உடம்புக்குக் காவல் என்றார். பிறகு கொத்தனாரின் பேரைச் சொன்னார். மஞ்சள் வந்தவுடன் அலட்சியம் செய்யாமல் டாக்டரைப் பார்த்து, பழக்கங்களை மாற்றிக்கொண்டு, தொடர்ந்து பச்சையில் நிற்கும் இவர் எல்லோருக்கும் எடுத்துக்காட்டு, புதிய கட்டடத்துக்கு இவர்தான் மேஸ்திரி என்றார். கைதட்டல் எழுந்தது. முன்வரிசையில் விசில் எழுந்து நின்றே தட்டினார்.

கொத்தனார் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். எப்படி இவ்வளவு ஆரோக்கியமாக இருக்கிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். கொத்தனார் தொண்டையைச் செருமினார். அது பந்தல் முழுக்க இடித்தது.

"நான் என்னங்க பண்ணேன். எல்லாம் வீட்டுக்காரம்மாதான்."

மறுபடி கைதட்டல். எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவள் எழுந்தாள். இத்தனை முகங்கள் ஒன்றாகத் தன்னைப் பார்ப்பதை அவள் அனுபவித்ததில்லை. முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். கைதட்டல் நிற்கக் காத்திருந்தாள். காதில் அதற்கு அடியில் வேறொரு தட்டல் முறை தவறிக் கேட்டது.

பழச்சாறு கொடுத்து முடித்ததும் கொத்தனார் வந்து அவள் கையைப் பிடித்தார். புதுச்சட்டை, முகமெல்லாம் பல். "வா, மேலே காட்டுறேன். உச்சியில மூணு பக்கச் சுவர் நான் தனியா பூசினது. அங்கேருந்து பார்த்தா நம்ம வீட்டு மாடித் தண்ணித்தொட்டி தெரியும்."

"லிஃப்ட் இருக்கா?"

"இன்னிக்கு ஓடாது. படிதான். மெதுவாப் போலாம்."

பக்கத்து நாற்காலிக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார்தான் மாட்டேன் என்பார்கள்? புது மேஸ்திரி மனைவியை அழைத்துப்போகிறார்.

படிகளுக்குக் கைப்பிடி இன்னும் வைக்கவில்லை. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் கிணறு போல இறங்கும் இருட்டு. முதல் சில தளங்கள் பேசிக்கொண்டே ஏறினார்கள். பேசியது அவர்தான். பிறகு அவர் சத்தம் ஒரு வளைவு முன்னால் போனது, இரண்டு வளைவு முன்னால் போனது. சுவரின் பூச்சு எங்கே நன்றாக வந்திருக்கிறது, எங்கே மற்றவன் சொதப்பினான் என்று அவர் மேலிருந்து சொல்வது படிக்கூண்டில் இடித்து இடித்துக் கீழே வந்தது. "ம்," என்றாள் அவள். அது தொண்டையிலிருந்து வெளியே வரவில்லை. தாடையில் ஆரம்பித்த வலி காதுக்கு ஏறியது. தோளிலிருந்து இறங்கும் கனம் இன்று முழங்கையில் நிற்கவில்லை. அடுத்த படிக்குக் காலைத் தூக்கினாள். படி இருந்த இடத்தில் இல்லை. விழாமலிருக்க வலது கையைச் சுவரில் ஊன்றினாள். சுவர் உள்வாங்கியது.

அந்தத் திருப்பத்தில் தலைமை அலுவலகத்து அம்மாள் வந்து பார்ப்பார் என்று, விழாவுக்குக் கொஞ்ச நேரத்துக்கு முன்தான் யாரோ அவசரமாகப் பூசியிருந்தார்கள். உள்ளங்கை முழுக்கப் பதிந்தது. குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள், சுவர் தன்னைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல. பிறகு கையை உருவிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

மேலே செருப்புச் சத்தம் நின்றது. திரும்பி இறங்கியது.

"உட்கார்ந்துட்டியா?" என்றார் கொத்தனார். அவளைப் பார்ப்பதற்கு முன் அவர் கண் சுவருக்குப் போனது. இருபது வருடத்துக் கண், அதற்கு வேறு வழி தெரியாது. ஐந்து விரலும் உள்ளங்கையும் அச்சு எடுத்ததுபோலப் பதிந்திருந்தன. "அடடா," என்று உச்சுக்கொட்டிக்கொண்டு சிரித்தார். "விசில் பார்த்தா முதல் நாளே என் மானம் போயிடும்."

சன்னல் திறப்பில் பூச்சுக்காரன் விட்டுப்போன தேய்க்கும் கட்டையும் மிச்சக் கலவையும் தண்ணீர் டப்பாவும் இருந்தன. புதுச்சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தண்ணீரைத் தெளித்தார். அவருக்கு வந்த வேலை, அழகாக வந்தது. கட்டை வட்டம் வட்டமாகச் சுற்றியது. முதலில் உள்ளங்கை நிரம்பியது. பிறகு கட்டைவிரல். சுண்டுவிரலும் அதற்குப் பக்கத்து விரலும் ஒன்றாகப் போயின. நடுவிரல் போனது. ஆள்காட்டி விரல் ஆழமாக விழுந்திருந்தது. அதற்கு மட்டும் கொஞ்சம் கலவையை வழித்து அப்பி, அழுத்தித் தேய்த்தார்.

அவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பேச வாயைத் திறந்தாள். தேய்க்கும் சத்தம் மட்டும் கூண்டில் சுற்றியது.

"அவ்வளவுதான்," என்று கட்டையைக் கீழே வைத்தார் கொத்தனார். இரண்டடி பின்னால் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். சன்னல் வெளிச்சத்தில் சுவர் ஈரமாக மின்னியது. கை எந்த இடத்தில் இருந்தது என்று அவள் கண்ணால் தேடினாள்.